இணையவழிப் பல்கலைக்கழகப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

விதைப்பதற்கு முன் விதையைச் சோதித்துப் பார்ப்பது நம் விவசாயப் பெருமக்களின் வழக்கம். நூறு விதைகளை ஈரச் சாக்கில் பரப்பி வைத்து, அவற்றுள் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்த்த பின்னரே அவர்கள் நாற்றங்காலுக்குச் செல்வர். கடையிலே விதை வாங்கினாலும், மூட்டையில் சான்றுச் சீட்டு தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குவர். பிள்ளைகளின் மேற்படிப்பிலும் இத்தகைய சோதனை இன்று அவசியமாகிவிட்டது. பல்கலைக்கழகப் பாடங்கள் இணையத்தின் வழியாக வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் நல்லனவும் உண்டு; பதரும் உண்டு. ஆறே மாதத்தில் பெருஞ்சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பி, நகையை அடகு வைத்தோ, மாதத் தவணைக் கடனில் கையெழுத்திட்டோ பணம் கட்டிவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் நேரக் கூடாது. ஆகவே, கணிப்பொறி சார்ந்த நெறிமுறைச் சிந்தனையையும் பிற தொழில்நுட்பப் பாடங்களையும் இணையவழியே கற்க விரும்புவோர் எவற்றைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

நெறிமுறைச் சிந்தனை என்பது யாது?

ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஐயத்திற்கு இடமின்றிப் படிப்படியாக வகுத்துக் கூறுவதே நெறிமுறையாகும். இதனை ஆங்கிலத்தில் அல்காரிதம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. சொல் நமக்குப் புதிதாயினும் பொருள் புதிதன்று. வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதை எண்ணிப் பாருங்கள். தலைமடை வயலில் தொடங்குக. குறித்த நேரம் வரை நீர் விடுக. நேரம் முடிந்ததும் அடுத்த வயலுக்கு மடையை மாற்றுக. கடைமடை வரை இவ்வாறே செய்க. இது ஒரு நெறிமுறையே.

ஆனால் முறையை எழுதி வைத்துவிட்டால் மட்டும் போதாது. நடுவிலே நீர்வரத்து பாதியாகக் குறைந்தால் என்ன செய்வது? ஒருவர் தம் முறைக்கு வராவிட்டால் அவருடைய நேரம் யாரைச் சேரும்? இவற்றிற்கெல்லாம் முன்கூட்டியே விடை வகுக்காத முறை கடைமடைக்காரரை வாட்டிவிடும். நேரக்கூடிய நிலைமைகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்து, எந்த நிலையிலும் தவறாத முறையை வகுப்பதே நெறிமுறைச் சிந்தனையின் முதற் பகுதி.

குறைந்த உழைப்பில் வேலையை முடிக்கும் வழியைக் காண்பது அதன் இரண்டாம் பகுதி. ஆயிரம் குடும்ப அட்டைகளின் எண்கள் ஏறுவரிசையில் எழுதப்பட்ட ஒரு பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். அதில் ஓர் எண்ணை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றால், ஆயிரம் முறை பார்க்க நேரிடலாம். அதற்குப் பதிலாகப் பட்டியலின் நடுவிலுள்ள எண்ணை முதலில் பார்ப்போம். நாம் தேடுவது அதைவிடப் பெரிதாயின் மேல் பாதியை விட்டுவிடலாம். சிறிதாயின் கீழ்ப் பாதியை விட்டுவிடலாம். எஞ்சிய பாதியிலும் இவ்வாறே செய்தால், மிகுதியாகப் போனாலும் 10 முறை பார்ப்பதற்குள் விடை கிடைத்துவிடும். பட்டியலில் 1,00,000 எண்கள் இருந்தாலும் 17 முறை பார்த்தால் போதும். ஆனால் பட்டியல் வரிசை கலைந்து கிடக்குமாயின் இம்முறை பயன்படாது. எந்த முறை எந்த நிலையில் செல்லும், அதற்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஆற்றலையே நல்ல பாடம் வளர்க்கும்.

கருவி வேறு, கல்வி வேறு

பைதான், சி, ஜாவா என்பவை கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகள். இவை உளியும் வாய்ச்சியும் போன்ற கருவிகள். கருவியைப் பிடிக்கத் தெரிந்த மாத்திரத்தில் ஒருவர் தச்சராகிவிடுவதில்லை. அதுபோல, மொழியின் சொற்களை மட்டும் கற்பித்துவிட்டு, முறையை வகுக்கும் திறனைக் கற்பிக்காத பாடம் நெடுநாள் பயன் தராது. கருவிகள் காலத்திற்குக் காலம் மாறும். சிந்தனைத் திறன் மாறாது நின்று உதவும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே இன்று நிரல் எழுதித் தருகின்றனவே, இக்கல்வி இனி எதற்கு என்று சிலர் வினவலாம். இயந்திரம் எழுதித் தந்த நிரல் சரியானதா, எல்லா நிலைமைகளுக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்து சொல்ல மனிதர் வேண்டும். அதற்குரிய அறிவு நெறிமுறைச் சிந்தனையே. எனவே அதன் தேவை குறையவில்லை என்பதே நம் கருத்து.

பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தாலே இரு வகைப் பாடங்களையும் வேறுபடுத்தி அறியலாம். தேடுதல், வரிசைப்படுத்துதல், பெரிய சிக்கலைச் சிறு கூறுகளாகப் பிரித்துத் தீர்த்தல், ஒரு முறைக்கு எத்தனை படிகள் ஆகும் எனக் கணக்கிடுதல் ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இன்றி, மென்பொருள்களின் பெயர்கள் மட்டுமே அடுக்கப்பட்டிருக்குமாயின், அது கருவியைக் காட்டும் பாடமேயன்றிக் கல்வியாகாது.

நம்பத்தக்க வாயில்கள்

முதலாவதாகக் கருதத்தக்கது என்.பி.டி.இ.எல். என்னும் திட்டம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கின. அவ்வேழனுள் சென்னைக் கழகமும் ஒன்று. இதன் பாடங்களில் சேரவும், உரைகளைக் கேட்கவும், வாரந்தோறும் பயிற்சிகளைச் செய்யவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு நிலையத்திற்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். அக்கட்டணம் ஒரு பாடத்திற்குச் சுமார் 1,000 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது; பதிவு செய்யுமுன் அந்தப் பருவத்திற்குரிய தொகையை உறுதி செய்துகொள்க. பாடங்கள் 4, 8, 12 வார அளவுகளில் அமைந்துள்ளன.

இரண்டாவது, மத்திய அரசாங்கத்தின் ஸ்வயம் தளம். 2017 ஜூலை 9 ஆம் நாள் இது தொடங்கி வைக்கப்பட்டது. பொறியியல் மட்டுமன்றி மற்றப் பல துறைப் பாடங்களும் இதில் உண்டு. கல்லூரியில் பயிலும் மாணவர் ஒரு பருவத்தில் தமது படிப்புக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகக் கற்று, அதன் மதிப்பைத் தம் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. எனினும், எந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வர் என்பதைத் தம் கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

மூன்றாவது, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 ஜூனில் அறிவித்த இணையவழிப் பட்டப் படிப்பு. தரவு அறிவியலில் பி.எஸ். பட்டம் வரை செல்லும் இப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டியதில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணிப்பியல் சிந்தனை ஆகிய நான்கிலும் நான்கு வாரப் பாடம் தரப்படுகிறது. அப்பயிற்சிகளைச் செய்து, தகுதித் தேர்வை நேரில் எழுதித் தேறியவர்கள் அடிப்படை நிலையில் சேர்க்கப்படுகின்றனர். அடிப்படை நிலை, டிப்ளமா நிலை, பட்ட நிலை எனப் படிப்படியாக ஏறலாம். இடையில் நிற்க நேர்ந்தால் முடித்த நிலைக்குரிய சான்றிதழோடு வெளிவரலாம். ஒவ்வொரு பருவத்திலும் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். குடும்ப வருமானத்தையும் வகுப்பையும் பொறுத்துக் கட்டணச் சலுகைகளும் உண்டு. பாதி வழியில் நிற்க நேர்ந்தாலும் முழு நட்டமாகாத இவ்வமைப்பு, வரவு நிலையற்ற விவசாயக் குடும்பங்களுக்கு ஏற்றதாகும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் தம் பாடங்களைத் திறந்து வைத்துள்ளன. அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வெளியிடப் போவதாக 2001 ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ். 50 என்னும் பாடத்தைக் கணிப்பொறியில் முன் பழக்கமில்லாதவர்களும் தொடங்கலாம். ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்கள் இவற்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

வரிசை தவறிக் கற்பதே பலரைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. நாற்று விடாமல் நடவு செய்ய இயலுமா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கணிப்பொறியில் அதிகப் பழக்கமில்லாத ஒருவருக்கு என்.பி.டி.இ.எல். பாடங்களிலிருந்து ஒரு வரிசையை எடுத்துக்காட்டாகக் கூறுவோம்.

முதலில், ரோபார் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' என்னும் 12 வாரப் பாடம். விளையாட்டுகளையும் புதிர்களையும் கொண்டு பைதான் மொழியை அறிமுகம் செய்வது அது. அடுத்து, சென்னைக் கணிதவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும், பைதான் வழியாகத் தரவு அமைப்புகளையும் நெறிமுறைகளையும் கற்பிக்கும் 8 வாரப் பாடம். மூன்றாவதாக, நெறிமுறைகளை வகுத்தலும் பகுத்தாய்தலும் பற்றி அவரே நடத்தும் 8 வாரப் பாடம். இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க 28 வாரங்களுக்குரிய பாடங்களைக் கற்க வேண்டும். பருவங்களுக்கு இடையே வரும் இடைவெளியையும் சேர்த்தால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு மூன்றையும் ஒரே பருவத்தில் எடுப்பது தவறு. அந்தந்தப் பருவத்தில் எந்தப் பாடம் நடைபெறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பாடத்தின் அறிவிப்பிலும், அதனைக் கற்க முன்னரே எவை தெரிந்திருக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருப்பர். அந்த வரியைப் படியாமல் சேரக் கூடாது. கணிதத்தில் தளர்ச்சியுள்ளவர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களை ஒருமுறை திருப்பிப் படித்துவிட்டுத் தொடங்குவது வெட்கத்திற்குரியதன்று, விவேகமாகும்.

சேர்வோர் பலர், முடிப்போர் சிலர்

2011 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இணையத்தில் இலவசமாக நடத்தப்பட்டபோது, சுமார் 1,60,000 பேர் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இறுதிவரை நிற்கவில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றும் இதையே காட்டிற்று. 2017-18 இல் அவற்றிற் சேர்ந்தோரில் நூற்றுக்குச் சுமார் மூவரே முடித்தனர். ஆயினும், சான்றிதழுக்கெனக் கட்டணம் செலுத்தி உறுதியோடு சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 46 பேர் முடித்தனர். வேடிக்கை பார்க்கச் சேர்ந்தவர்களும் மொத்தக் கணக்கில் அடங்குவர் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும், சேர்வது எளிது, முடிப்பது அரிது என்னும் பாடம் தெளிவாகிறது.

ஆகையால் முதல் இரண்டு வாரங்களைச் சோதனைக் காலமாகக் கொள்ள வேண்டும் என்பது நம் ஆலோசனை. கட்டணமில்லாத பாடம் ஒன்றில் சேர்ந்து, உரைகளைக் கேட்டு, அவ்விரு வாரங்களின் பயிற்சிகளையும் பிறர் உதவியின்றிச் செய்து பாருங்கள். உரையைக் கேட்பது மட்டும் கற்றலாகாது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு உழவு கைவராது. பயிற்சியைச் செய்ய இயன்றால் தொடர்க. இயலாவிடில் அதற்கு முந்திய எளிய பாடத்திற்குச் செல்க. எந்த நிலையிலும் பணம் நட்டமில்லை.

என்.பி.டி.இ.எல். மதிப்பெண் முறையும் இத்தகைய தொடர் உழைப்பையே கேட்கிறது. பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிக்கப்பட்டுள்ளது. பயிற்சிகளில் 10 உம், தேர்வில் 30 உம் தனித்தனியே பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சிகளைப் பிறரைப் பார்த்தோ, செயற்கை நுண்ணறிவைக் கேட்டோ எழுதிவிட்டவர் தேர்வு அறையில் தனியே அமரும்போது திகைத்து நிற்பார்.

சான்றிதழின் தரம்

எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. உரைகளைப் பார்த்ததற்காகத் தரப்படும் தாள் ஒரு வகை. கண்காணிப்புடன் நடந்த தேர்வில் தேறியதற்காகப் பல்கலைக்கழகமோ கழகமோ தரும் பாடச் சான்றிதழ் இரண்டாம் வகை. சட்டப்படி செல்லத்தக்க பட்டம் மூன்றாம் வகை. விளம்பரத்தில் 'சான்றிதழ் உண்டு' என்று மட்டும் இருந்தால், அது எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

இணையவழிப் பட்டம் எனில், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் அனுமதிப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. பொறியியல், மருத்துவம், செவிலியர் கல்வி போன்ற சில பட்டங்களை இணையவழியில் வழங்க அக்குழுவின் 2020 ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பதில்லை. எவரேனும் அவற்றை வீட்டிலிருந்தே பெறலாம் என்று கூறினால், அவரிடம் பணம் கொடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் தம் இணையவழிப் படிப்புகளை முகவர் நிறுவனங்களுக்குக் குத்தகை போல் விடுவதும் விதிகளுக்கு முரணானது என்று 2022 இல் குழு எச்சரித்துள்ளது.

கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றி மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. இலவசம் என்ற பெயரில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைப் பெறுவதும், கட்டணத்தைக் கடனாக மாற்றிக் கையெழுத்து வாங்குவதும் அதில் குறிப்பிடப்பட்டன. 'வேலை கிடைத்த பின் கட்டினால் போதும்' என்ற சொல்லை மட்டும் கேட்டுக் கையெழுத்திடலாகாது. தாளில் அச்சிட்டிருப்பதே செல்லும். வாயால் சொன்னது செல்லாது. கல்வி நிறுவனத்திடம் கட்டணம் செலுத்துகிறோமா, அல்லது வேறொரு கடன் நிறுவனத்திடம் கடன் பெறுகிறோமா என்பதைப் படித்து அறிந்த பின்னரே முடிவு செய்க. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915 இல் முறையிடலாம்.

பஞ்சாயத்து ஆற்றக்கூடிய பணி

கைப்பேசியில் உரையைக் கேட்கலாம். ஆனால் அதன் சிறு திரையில் நிரல் எழுதிப் பழகுவது கடினம். விசைப்பலகையுள்ள கணிப்பொறி தேவை. ஒவ்வொரு வீடும் அதனை வாங்க இயலாது. ஆனால் கிராம நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ இரண்டு கணிப்பொறிகளும் இணைய இணைப்பும் அமைந்தால், பத்து இளைஞர்கள் முறை வைத்துப் பயன்படுத்தலாம். மாலையில் பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரம் ஒதுக்குவதும், விளக்கு வசதியும் பாதுகாப்பும் செய்வதும் அவசியம். இல்லையேல் படிப்பில் முந்தி நிற்கும் பெண்களே வாய்ப்பில் பிந்தி நிற்க நேரும்.

தனியே கற்பவர் சோர்ந்துவிடுவர். கூடிக் கற்பவர் ஒருவரையொருவர் தாங்குவர். ஒரே பாடத்தில் நால்வர் சேர்ந்து, வாரம் ஒரு மாலை கூடி, விளங்காத பகுதிகளைப் பேசித் தெளியலாம். ஆங்கில உரை கடினமாக இருப்போருக்கு, பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது என்ற செய்தி உதவும். ஊரிலிருந்து கல்லூரி சென்று தேறியவர்களையும், உள்ளூர்ப் பள்ளியின் கணிப்பொறி ஆசிரியரையும் பஞ்சாயத்துத் தலைவர் அழைத்துக் கேட்டுக்கொண்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள். தேர்வு நகரத்தில் நடைபெறும் நாளில் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துச் சென்று திரும்ப ஏற்பாடு செய்வதும் சிறு உதவியன்று.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய வினாக்கள்

1. இப்பாடத்தை நடத்துவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது கழகம்? ஆசிரியர் யார்?
2. சேருமுன் எவை தெரிந்திருக்க வேண்டும்? அவை நமக்குத் தெரியுமா?
3. முறையை வகுக்கக் கற்பிக்கிறதா, கருவியை மட்டும் காட்டுகிறதா?
4. வாரந்தோறும் பயிற்சி உண்டா? அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும்?
5. தேர்வு நேரில் நடைபெறுகிறதா? எந்த ஊரில்?
6. சான்றிதழ் எவ்வகையது? அதன் மதிப்பைக் கல்லூரி ஏற்குமா?
7. பணம் செலுத்துமுன் இரண்டு வாரம் கற்றுப் பார்க்க இயலுமா?
8. கட்டணம் முழுவதும் எவ்வளவு? கடன் எதுவும் அதில் அடங்கியுள்ளதா?

இவ்வெட்டு வினாக்களுக்கும் நேரான விடை தராத எந்தப் பாடத்திலும் சேர வேண்டியதில்லை. இவற்றை ஒரு தாளில் எழுதி நூலகத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டி வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் பெற்றோர்களை ஒரு மாலை கூட்டி இவற்றைப் படித்துக் காட்டுவதும் நலம். நல்ல பாடத்திற்குரிய செலவு பெரும்பாலும் உழைப்பே. அந்த உழைப்பைச் செலுத்த நம் கிராமத்துப் பிள்ளைகள் தயங்குவோர் அல்லர். அது வீண் போகாத வழியைக் காட்டுவது பெரியோர் கடமையாகும்.